குரூஸ் பெரியவர்களுக்கு மட்டும்தானா? வயதும் கப்பல் பயணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரூஸ் என்றாலே ரிட்டயர் ஆனவர்கள்தானே போவார்கள்?

அது பழைய கணக்கு. குரூஸ் நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான கிளியா 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பயணிகளின் சராசரி வயது 46.5. 100 பேர் ஏறினால் அதில் 36 பேர் 40 வயதைத் தொடாதவர்கள். 2024இல் உலகம் முழுக்க 3 கோடியே 46 லட்சம் பேர் கடல் குரூஸ் போயிருக்கிறார்கள். இத்தனை பேரும் பென்ஷன் வாங்குகிறவர்களாக இருக்க முடியாது.

அதற்காக, "இளைஞர்கள் கப்பலைப் பிடித்துவிட்டார்கள்" என்று வரும் செய்திகளையும் அப்படியே நம்ப வேண்டாம். பெரியவர்கள் எங்கேயும் போய்விடவில்லை. வேறு கப்பலுக்கும் வேறு பருவத்துக்கும் நீளமான பயணங்களுக்கும் நகர்ந்திருக்கிறார்கள். ஒரு கப்பலில் எந்த வயதுக்காரர்கள் இருப்பார்கள் என்பதை ரசனையைவிட லீவு நாட்கள்தான் அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் எண்ணம். கீழே உள்ள பல பதில்கள் சுற்றிவந்து அங்கேதான் நிற்கும்.

சராசரி 46 என்றால், கப்பல் முழுக்க நடுவயதுக்காரர்களா?

இல்லை. நிறையப் பேரை ஏமாற்றும் எண் இது. ஒரு குடும்பம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு 70, பாட்டிக்கு 68, அப்பாவுக்கு 42, அம்மாவுக்கு 40, பிள்ளைகளுக்கு 12, 8. எல்லாவற்றையும் கூட்டினால் 240. ஆறால் வகுத்தால் சராசரி 40. ஆனால் நாற்பதை ஒட்டி இருப்பவர்கள் இரண்டே பேர். நாற்பது வயது நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து போனாலும் அதே சராசரிதான் வரும். முதல் கூட்டத்துக்குச் சறுக்குக் குழாயும் வேண்டும், சக்கர நாற்காலி நுழையும் அறைக்கதவும் வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு இரண்டுமே தேவையில்லை.

இது கற்பனைக் குடும்பம் மட்டும் இல்லை. பயணிகளில் 28 சதவீதம் பேர் மூன்று முதல் ஐந்து தலைமுறைகள் சேர்ந்து போகிறார்கள் என்று கிளியாவே சொல்கிறது. எனவே "சராசரி வயது இறங்கியது" என்று எங்காவது படித்தால், இறக்கியது இருபது முப்பது வயதுக்காரர்களா, அவர்களைவிடச் சின்னவர்களா என்று கேளுங்கள். பத்து குழந்தைகள் ஏறினால் சராசரி சரசரவென்று இறங்கிவிடும். பத்து முப்பது வயதுக்காரர்களால் அவ்வளவு இறக்க முடியாது.

சரி, "பெரியவர்கள் கப்பல்" என்ற பேர் எப்படி ஒட்டிக்கொண்டது?

ஆரம்பத்திலிருந்தே இது நேரம் இருப்பவர்களின் பொழுதுபோக்கு. 1891 ஜனவரியில் ஹாம்பர்க் அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், அகஸ்டா விக்டோரியா என்ற கப்பலை மத்தியதரைக் கடல் சுற்றுலாவுக்கு அனுப்பினார். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் கிடைக்காது. சும்மா நிற்கும் கப்பலை வைத்து என்ன செய்வது என்ற யோசனையில் பிறந்தது அந்தப் பயணம். 241 பேர் ஏறினார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம். இரண்டு மாதம் வேலையை விட்டுவிட்டுக் கடலில் இருக்க அந்தக் காலத்தில் யாரால் முடிந்திருக்கும்? சொத்துக்காரர்களால்தான்.

அப்புறம் 1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாண்டத் தொடங்கின. ஐந்தாறு நாள் கப்பல் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. அவசரம் உள்ளவர்கள், அதாவது வேலைக்கும் படிப்புக்கும் புது வாழ்க்கைக்கும் போகிற இளம் வயதினர், முதலில் விமானத்துக்கு மாறினார்கள். கப்பலில் மிஞ்சியவர்கள் அவசரமில்லாதவர்கள். நிறுவனங்களும் அவர்களுக்கேற்ப அமைத்துக்கொண்டன: கோட் போட்டுக்கொண்டு வரவேண்டிய இரவு விருந்து, முன்கூட்டியே ஒதுக்கிய மேசை, சாப்பாட்டுக்கு முதல் பந்தி இரண்டாம் பந்தி, நடனமாடத் துணையில்லாத வயதான பெண்களுடன் ஆடுவதற்கென்றே கப்பலில் அமர்த்தப்பட்ட கண்ணியமான ஆண்கள். (கடைசி வழக்கம் சில பாரம்பரியக் கப்பல்களில் இன்னும் இருக்கிறது. கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ அது நல்ல ஏற்பாடாகவே படுகிறது.)

இப்படி ஒரு முறை செட் ஆகிவிட்டால், அதைப் பார்க்கும் 25 வயதுக்காரர் "இது நமக்கில்லை" என்று ஒதுங்கிவிடுவார். அவர் ஒதுங்க ஒதுங்க, பேர் இன்னும் இறுகும்.

அதற்கு முன்னால் இளைஞர்கள் உல்லாசத்துக்காகக் கப்பல் ஏறியதே இல்லையா?

ஏறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்கள் நியூயார்க்கிலிருந்து கிளம்பி, நாட்டின் கடல் எல்லையைத் தாண்டியதும் மதுக்கூடத்தைத் திறந்துவிடும். எந்தத் துறைமுகத்துக்கும் போகாமல் இரண்டு மூன்று நாள் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களும் உண்டு. நாள் குறைவு, செலவும் குறைவு. பெரும் பணக்காரர் அல்லாதவர்களுக்கும் அப்போது கப்பல் எட்டியது.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்றே ஓடிய கப்பல்களும் இருந்தன. பிரிட்டனின் உகாண்டா என்ற கப்பல் 1968 முதல் மாணவர்களை ஏற்றிக்கொண்டு கல்விச் சுற்றுலா போய்க்கொண்டிருந்தது. கட்டில்கள் வரிசையாக அடுக்கிய பொது உறங்கும் கூடங்கள், வகுப்பறைகள் எல்லாம் அதில் உண்டு. 1982 ஏப்ரலில் ஃபாக்லாந்து போருக்கு மருத்துவமனைக் கப்பலாக அரசு அதை எடுத்துக்கொண்டபோது, பாதிப் பயணத்தில் இருந்த பிள்ளைகளை நேப்பிள்ஸில் இறக்கி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. இன்று அறுபதைத் தொட்டிருக்கும் பிரிட்டன்காரர்கள் பலரின் முதல் கப்பல் பயணம் இப்படி அமைந்ததுதான்.

மாற்றம் எப்போது தொடங்கியது?

ஒரே ஆண்டைக் கேட்டால் 1966 என்பேன். அந்த டிசம்பரில் சன்வர்ட் என்ற கப்பல் மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு ஓடத் தொடங்கியது. நார்வேயைச் சேர்ந்த நூட் க்ளோஸ்டர் கப்பலைக் கொடுத்தார், டெட் அரிசன் பயணிகளைப் பிடித்துக் கொடுத்தார். இதில் கவனிக்க வேண்டியது பயணத்தின் நீளம்: மூன்று, நான்கு நாள்! வெள்ளிக்கிழமை ஏறித் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம்.

அடுத்த ஆறு ஆண்டுகளில் சட்டகமே மாறிவிட்டது. 1968இல் ராயல் கரீபியன் தொடங்கப்பட்டது. 1972இல் அரிசன் தனியாகப் பிரிந்து கார்னிவலைத் தொடங்கினார். முதல் பயணத்திலேயே அவருடைய மார்டி கிரா கப்பல் மயாமிக்கு வெளியே மணல்திட்டில் தட்டி நின்றது. அப்படி அவமானப்பட்ட நிறுவனம்தான் "ஜாலிக் கப்பல்" என்று விளம்பரம் செய்து, கோட்டும் டையும் வேண்டாம், டிஸ்கோவும் சூதாட்டக்கூடமும் போதும் என்ற கூட்டத்தை இழுத்தது. துறைமுகத்தைப் பார்க்கப் போவதற்குப் பதில், கப்பலையே பார்க்கப் போகும் வழக்கம் அப்போது வேரூன்றியது.

1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி லவ் போட்' தொடர் வந்தது. 1986 வரை வாராவாரம் ஒரு குரூஸ் கப்பல் அமெரிக்க வீட்டுக் கூடத்துக்குள் வந்து போனது. கப்பல் என்றால் என்னவென்றே தெரியாத நடுத்தர வயதுத் தம்பதிகளுக்கு அது ஒரு அறிமுகம். இளைஞர்களைவிட நாற்பது வயதினரைத்தான் அது அதிகம் ஏற்றியிருக்கும் என்று நினைக்கிறேன். அதில் வந்த காதல் ஜோடிகளிலும் நரைத்த தலைகளுக்குக் குறைவில்லை.

1988இல் 73,000 டன் அளவுள்ள சாவரின் ஆஃப் தி சீஸ் வந்ததும் இன்னொரு கணக்கு தொடங்கியது. இவ்வளவு பெரிய கப்பலை ஓய்வுபெற்றவர்களை மட்டும் வைத்து வாரம் தவறாமல் நிரப்ப முடியாது. கப்பல் பெரிதாகப் பெரிதாக, எல்லா வயதினரையும் தேடிப்பிடிக்க வேண்டிய கட்டாயம் நிறுவனங்களுக்கு வந்தது. இளைஞர்கள் மனம் மாறிக் கப்பலைத் தேடி வந்தார்கள் என்று சொல்வதைவிட, காலியான அறைகள் அவர்களைத் தேடிப் போயின என்று சொல்வது உண்மைக்குப் பக்கம்.

குழந்தைகளோடு குடும்பங்கள் வர ஆரம்பித்தது எப்போது?

1998இல் டிஸ்னி மேஜிக் ஓடத் தொடங்கியது பெரிய திருப்பம். அதுவரை பல கப்பல்களில் குழந்தைகளுக்கு ஒரு அறை, கொஞ்சம் பொம்மை, ஒரு ஆயா. டிஸ்னி ஒரு தளத்தின் பெரும்பகுதியையே அவர்களுக்கு ஒதுக்கியது. மறு ஆண்டே ராயல் கரீபியனின் வாயேஜர் ஆஃப் தி சீஸ் பனிச்சறுக்குத் தளத்தோடும் ஏறுவதற்குச் செயற்கைப் பாறைச் சுவரோடும் வந்தது. 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன் நிறுவனம் ஒதுக்கிய மேசை, குறித்த நேரச் சாப்பாடு முறையைத் தூக்கிப் போட்டது. ஆறு மணிக்கே பசியெடுக்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு எட்டேகால் பந்திக்குக் காத்திருந்த பெற்றோருக்குத்தான் அதன் அருமை தெரியும். 2006இல் ஃப்ரீடம் ஆஃப் தி சீஸில் அலைச்சறுக்கு விளையாட்டு. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸில் நீர்ச்சறுக்குகள் ஆறு, நீச்சல் குளங்கள் ஏழு, நிரம்பினால் பயணிகள் 7,600 பேர்.

பெற்றோர் முக்கியமாகக் கவனிக்கும் ஒரு சின்ன விஷயம்: குழந்தைகள் மன்றத்தில் பெரும்பாலும் 3 வயதிலிருந்துதான் சேர்ப்பார்கள், அதுவும் டயப்பர் பழக்கம் விட்டிருக்க வேண்டும். இரண்டரை வயதுப் பிள்ளையோடு போய்விட்டு, "ஓய்வே இல்லை" என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த வரியைப் படிக்காதவர்கள்.

கட்டண முறையும் குடும்பத்துக்குச் சாதகம். விலை, அறைக்கு இருவர் என்ற கணக்கில் இருக்கும். அதே அறையில் மூன்றாவது நான்காவது ஆளுக்குப் பல நேரம் குறைவாக வாங்குவார்கள். தனியாகப் போகும் இளைஞருக்கு இதே முறை தலைவலி: ஒருவர் தங்கினாலும் இருவர் கட்டணம் கட்டச் சொல்வார்கள். 2010இல் நார்வீஜியன் எபிக் கப்பலில் ஒற்றை ஆளுக்கான சிறிய அறைகளும் அவர்களுக்கென ஒரு பொதுக்கூடமும் வந்த பிறகுதான் இந்தப் பக்கம் கொஞ்சம் கதவு திறந்தது.

எந்த வயதினர் என்பதை எது தீர்மானிக்கிறது? விலையா, இடமா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பயண நாட்கள்.

3 முதல் 5 நாள் பயணம் என்றால் இருபது முப்பது வயதுக்காரர்கள் நிறைய இருப்பார்கள். பேச்சிலர் பார்ட்டி, முதல் சம்பளக் கொண்டாட்டம், குழந்தை பிறக்கும் முன் ஒரு சின்னச் சுற்று. 7 நாள் என்றால் குடும்பங்கள். 10, 14 நாள் ஆனதும் தலைமுடியின் நிறம் மாறத் தொடங்கும். நூறு நாளுக்கு மேல் நீளும் உலகச் சுற்றில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். அமெரிக்காவில் சம்பளத்தோடு கூடிய விடுமுறையைக் கட்டாயமாக்கும் தேசியச் சட்டமே இல்லை. உலகின் மிகப் பெரிய குரூஸ் சந்தை அதுதான். அங்கே 32 வயதுக்காரருக்கு இரண்டு வாரக் கப்பல் பயணம் பிடிக்காமல் இல்லை, லீவு கிடைப்பதில்லை.

பருவ மாற்றத்தில் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு இடம் மாறும் கப்பல்கள் இன்னொரு சான்று. கோடைகாலத்தை ஐரோப்பாவில் கழித்துவிட்டு, குளிர்காலத்துக்குக் கரீபியன் போகும் கப்பல் அட்லாண்டிக்கைக் கடக்கும்போது பல நாட்கள் வெறும் கடல். டிக்கெட் மலிவு. மலிவுக்காக இளைஞர்கள் குவிவார்கள் என்று நினைப்போம். உண்மையில் குவிபவர்கள் பெரியவர்கள். போகும்போது கப்பல், திரும்பும்போது விமானம், நடுவில் இரண்டு வாரம் என்ற கணக்கு அவர்களுக்குத்தான் ஒத்துவரும்.

நிறுவனங்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. முன்பெல்லாம் மூன்று நாள் ஓட்டத்துக்குப் பழைய, சிறிய கப்பல்களைத் தள்ளிவிடுவார்கள். 2024 ஜூலையில் ராயல் கரீபியன் தன் புத்தம்புது பிரம்மாண்டமான யுட்டோப்பியா ஆஃப் தி சீஸை, முதல் நாளிலிருந்தே 3, 4 இரவுப் பயணங்களுக்கு விட்டது. எந்த வயதினரைக் குறிவைத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரே கப்பலில் வயதுக் கலவை மாறுமா?

நன்றாகவே மாறும். பள்ளி திறந்த செப்டம்பர், அக்டோபரில் ஏறினால் காலை பத்து மணிக்கு நூலகத்தில் பாதி முடிந்த ஜிக்சா புதிரைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள், நீச்சல் குளம் காலியாக இருக்கும், மதியம் வினாடி வினாவுக்கு இடம் கிடைக்காது. டிசம்பர் கடைசி வாரம் அதே கப்பல், அதே தளம்: ஐஸ்கிரீம் இயந்திரத்துக்கு முன்னால் ஈர உடையோடு பிள்ளைகள் வரிசை, லிஃப்ட்டில் எல்லாத் தளப் பொத்தான்களையும் யாரோ அழுத்திவைத்திருப்பார்கள். மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி விடுமுறை வந்தால் மூன்றாவது விதமான கூட்டம். கப்பலின் விமர்சனத்தைப் படிக்கும்போது, எழுதியவர் எந்த மாதம் போனார் என்று பார்க்காவிட்டால் அந்த விமர்சனத்தால் பாதிப் பயன்தான்.

இளைஞர்களுக்கென்றே தனிக் கப்பல் விட்டுப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். பெரும்பாலும் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

2005இல் ஈஸிஜெட் விமான நிறுவனத்தைத் தொடங்கிய ஸ்டெலியோஸ் ஹாஜி இயோனு, ஈஸிகுரூஸ் என்று ஆரஞ்சு வண்ணக் கப்பல் ஒன்றை மத்தியதரைக் கடலில் விட்டார். சின்ன அறை, சுத்தம் செய்து தர வேண்டுமென்றால்கூடத் தனிக் காசு. ஊருக்குள் இரவுக் கேளிக்கையை முடித்துக்கொண்டு வரட்டும் என்று பின்னிரவு வரை துறைமுகத்திலேயே நிற்கும். யோசனை கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2009இல் அவர் அதை விற்றுவிட்டார். அந்தப் பெயரும் அப்புறம் நீடிக்கவில்லை.

2018இல் யூனிவேர்ல்ட் என்ற ஆற்றுக் கப்பல் நிறுவனம், 21 முதல் 45 வயதினர் மட்டும் என்று கறுப்பு வண்ணம் பூசிய இரண்டு கப்பல்களை ஐரோப்பிய ஆறுகளில் விட்டது. அதே ஆண்டிலேயே மேல் வரம்பைத் தூக்கிவிட்டார்கள். காசும் நாளும் ஒருங்கே உள்ளவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்து எத்தனை நாள் கப்பல் ஓட்ட முடியும்?

வெற்றி பெற்றவர்கள் வயதை வாசலில் கேட்காமல் சூழலை மாற்றியவர்கள். ஜெர்மனியின் ஐடா நிறுவனத்தார் 1996இல், கப்பல் முகப்பில் பெரிய உதடுகளை வரைந்து, ஒதுக்கிய மேசைகளுக்குப் பதில் பஃபே வைத்து, கடலில் மிதக்கும் விடுமுறை கிளப் மாதிரி தொடங்கினார்கள். இன்று ஜெர்மனியில் குரூஸ் என்றாலே பலருக்கு அந்தப் பெயர்தான் நினைவுக்கு வரும். 2021இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் 18 வயதுக்குக் கீழே யாருக்கும் இடமில்லை. பெரிய பஃபே கூடம் கிடையாது. பச்சை குத்தும் கடை உண்டு. மேல் வயது வரம்பு வைக்கவில்லை. அதனால் அங்கே நாற்பது ஐம்பது வயதுக்காரர்களும் பச்சை குத்திக்கொண்டு இறங்குகிறார்கள்.

கோவிட் எந்த வயதினரைப் பாதித்தது?

2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகஹாமாவில் டயமண்ட் பிரின்சஸ் கப்பல் நிறுத்திவைக்கப்பட்டபோது அதில் 3,711 பேர் இருந்தார்கள். ஊழியர்களையும் சேர்த்துக் கணக்கிட்டாலே பாதிக்கு மேல் 60 வயதைத் தொட்டவர்கள். 712 பேருக்குத் தொற்று. அந்தப் படங்கள் உலகம் முழுக்கப் பெரியவர்களைப் பயமுறுத்தின. மார்ச் மாதம், உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள் குறிப்பாகக் குரூஸ் போக வேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத்துறை எச்சரித்தது.

2019இல் 2 கோடியே 97 லட்சமாக இருந்த பயணிகள் எண்ணிக்கை 2021இல் 48 லட்சத்துக்கு விழுந்தது. திரும்ப ஓடத் தொடங்கியபோது நிறுவனங்கள் முதலில் குறுகிய பயணங்களையும் குறைந்த கட்டணத்தையும் நம்பின. அவற்றுக்கு முதலில் வருபவர் யார் என்று மேலே பார்த்தோம். 2023இல் எண்ணிக்கை 3 கோடியே 17 லட்சமாகி, கோவிட்டுக்கு முந்தைய உச்சத்தைத் தாண்டியது. நீளப் பயணக்காரர்கள் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினார்கள், ஆனால் திரும்பினார்கள்.

டிக்டாக் பார்த்துத்தான் இளைஞர்கள் வருகிறார்களா?

ஓரளவுக்கு. 2023 டிசம்பரில் மயாமியிலிருந்து கிளம்பிய செரினேட் ஆஃப் தி சீஸ் 274 இரவுகள் உலகைச் சுற்றியது. அந்த ஒன்பது மாதப் பயணத்தை டிக்டாக்கில் தொடர் நாடகம்போலப் பின்தொடர்ந்தார்கள். யார் யாரோடு சண்டை, யார் பாதியில் இறங்கினார் என்பதெல்லாம் செய்தி. வேடிக்கை என்னவென்றால், திரைக்கு முன்னால் இருந்தது இளம் கூட்டம், கப்பலில் இருந்தவர்களில் ஓய்வுபெற்றவர்கள் ஏராளம்.

வீடியோவைவிட இணைய இணைப்புக்குத்தான் பங்கு அதிகம் என்பேன். 2022இல் ராயல் கரீபியன் குழுமம் தன் கப்பல்கள் அனைத்திலும் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணைய இணைப்பைப் போடப்போவதாக அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் பின்னாலேயே வந்தன. நடுக்கடலில் வீடியோ மீட்டிங் முடித்துவிட்டு மதியம் நீந்தப் போகலாம் என்றால், லீவு போடாமலே ஒரு வாரம் போகலாம். வேலையில் இருக்கும் வயதினருக்கு இருந்த பெரிய தடையில் ஒரு துண்டு உடைந்தது. (கப்பலில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பது விடுமுறையா என்பது வேறு கேள்வி.)

பெரியவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

பிள்ளைகள் இல்லாத கப்பல்களில். பிரிட்டனின் சாகா நிறுவனம் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும்; துணைக்கு வருபவர் 40 ஆனால் போதும். பி அண்ட் ஓ நிறுவனம் ஆர்கேடியா, அரோரா கப்பல்கள் இரண்டையும் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கிறது. வைக்கிங் 18 வயதுக்குக் கீழே ஏற்றுவதில்லை, சூதாட்டக்கூடமும் கிடையாது. 2015இல்தான் கடலில் இறங்கிய நிறுவனம், இன்று மளமளவென்று கப்பல் கட்டிக்கொண்டே போகிறது. முதியவர்கள் குரூஸை விட்டுவிட்டார்கள் என்பவர்கள் அதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஆற்றுக் கப்பல்களில் மட்டும் ஏன் இன்னும் நரைமுடி அதிகம்?

காரணம் ஆற்றின் மதகுப் பூட்டுகளில் இருக்கிறது, அதாவது கப்பலை உள்ளே விட்டு, நீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் தொட்டிகளில். ஐரோப்பாவின் ரைன், மைன், டான்யூப் ஆறுகளின் வழியில் நீர்மட்டம் மாறும் இடங்களில் கப்பல்கள் இந்தப் பூட்டுகளுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அங்கே அகலம் 12 மீட்டர். அதனால் கப்பல் 11.4 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்க முடியாது, நீளம் 135 மீட்டரோடு நிற்கும். பாலங்களுக்கு அடியில் நுழைய உயரமும் குறைய வேண்டும். சில இடங்களில் மாலுமி அறையையே கீழே இறக்குவார்கள். இவ்வளவு நெருக்கடியில் சறுக்குக் குழாய்க்கும் குழந்தைகள் மன்றத்துக்கும் எங்கே இடம்? மிஞ்சுவது நல்ல சாப்பாடு, பெரிய ஜன்னல், தினமும் ஒரு பழைய ஊர், தேவாலயம், அருங்காட்சியகம். விலையும் கடல் குரூஸைவிட ஏறக்குறைய எப்போதும் கூட. இதை விரும்பிக் காசு கொடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கப்பலை நிரப்பும் அளவுக்கு இல்லை.

அலாஸ்கா, அண்டார்டிகா எல்லாம் முதியவர்களுக்குத்தானா?

அலாஸ்கா அப்படித்தான் இருந்தது. சீசன் கோடையில், பள்ளி விடுமுறையோடு சேர்ந்து வருவதால் குடும்பங்கள் பெருகிவிட்டன. 2018இல் நார்வீஜியன் பிளிஸ், மேல்தளத்தில் கோ-கார்ட் பந்தயத் தடத்தோடு அங்கே போனது. பனிப்பாறைக்கு நடுவே கார் ஓட்டுவது அபத்தம் என்று முகம் சுளித்தவர்கள் நிறைய. பதினைந்து வயதுப் பையனை அலாஸ்காவுக்குக் கூட்டிப்போக வேறு என்ன வழி என்பது பெற்றோர் தரப்பு.

அண்டார்டிகா வேறு மாதிரி. ஒரு நேரத்தில் ஒரு இடத்தில் 100 பேருக்கு மேல் கரையிறங்கக் கூடாது, 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் யாரையும் இறக்கவே கூடாது. சின்னக் கப்பல், பெரிய விலை. எனவே காசு சேர்ந்த வயது. ஆனால் அலையில் ஆடும் ரப்பர் படகில் ஏறி இறங்கத் தெம்பு வேண்டும். அறுபதுகளின் தொடக்கத்தில் உள்ளவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த பயணம் இது.

இளைஞர்கள் சுற்றுச்சூழலைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் ஆயிற்றே?

கவலைப்படுகிறார்கள், ஏறவும் செய்கிறார்கள். 2021 ஆகஸ்டில் இத்தாலி அரசு பெரிய கப்பல்களை வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாயிலிருந்து விலக்கியபோது அதைக் கொண்டாடியவர்களில் இளைஞர்கள் நிறைய. கொள்கைக்காகக் கப்பலைத் தவிர்ப்பவர்களும் உண்டு. ஒரு தலைமுறை முழுவதற்கும் ஒரே மனசு இருக்கும் என்று எதிர்பார்ப்பதுதான் தப்பு.

ரிட்டயர் ஆனதும் கப்பலிலேயே குடியிருக்கலாமா?

இந்தக் கேள்வி 2004இலிருந்து சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த ஆண்டு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை, முதியோர் பராமரிப்பு இல்லச் செலவும் தொடர்ந்து குரூஸ் கப்பலில் வாழும் செலவும் ஏறக்குறைய ஒன்று என்று கணக்குப் போட்டுக் காட்டியது. 2002இலிருந்து 'தி வேர்ல்ட்' என்ற கப்பலில் சொந்தமாக வீடு வாங்கிக் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அது பெரும் பணக்காரர்களுக்கு. நடுத்தர வர்க்கத்துக்கென்று வந்த வில்லா வீ ஒடிஸி 2024 மே மாதம் கிளம்ப வேண்டியது. பழுதுபார்ப்பு இழுத்தடித்து, செப்டம்பர் கடைசியில்தான் பெல்ஃபாஸ்டை விட்டு நகர்ந்தது.

என் கருத்தைக் கேட்டால்: நடமாட்டம் நன்றாக இருக்கும்வரை சரி. கப்பலில் மருத்துவரும் சின்ன மருத்துவமனையும் உண்டு, நீண்ட காலச் சிகிச்சையோ, தினசரி ஆள் வைத்துப் பார்க்கும் பராமரிப்போ கிடையாது. முதியோர் இல்லத்தின் வேலையே அந்தப் பராமரிப்புதான்.

இன்றைய இளம் பயணிகள் வயதானாலும் கப்பலிலேயே தொடர்வார்களா?

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று, பிறந்த காலம்: சின்ன வயதில் பெற்றோரோடு கப்பலில் போனவர்களுக்கு அது பழகிய விடுமுறை. டிஸ்னி மேஜிக் வந்தபோது எட்டு வயதாக இருந்தவர் இன்று முப்பதுகளின் நடுவில், தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிறார். இன்னொன்று, வாழ்க்கைக் கட்டம்: பிள்ளைகள் பிறந்ததும் பட்ஜெட் இறுகும், அவர்கள் டீன் ஏஜில் "நான் வரலை" என்பார்கள், வீடு காலியானதும் மறுபடி நேரம் கிடைக்கும். முதல் காரணம் ஆட்களைக் கப்பல் பக்கம் தள்ளும். இரண்டாவது, எந்தக் கப்பல் என்பதை மாற்றிக்கொண்டே இருக்கும். இருபத்தைந்து வயதில் மூன்று நாள் பஹாமாஸ் போனவர் அறுபத்தைந்தில் டான்யூப் ஆற்றில் இருப்பார் என்று பந்தயம் கட்டலாம்.

வயது சம்பந்தமாக என்னென்ன விதிகளைப் பார்க்க வேண்டும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், புக் செய்யும் முன் அவர்கள் தளத்தில் சரிபாருங்கள். பொதுவாக: கைக்குழந்தைக்குக் குறைந்தது 6 மாதம், கடலைக் கடக்கும் நீளப் பயணங்களில் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். புறப்படும் நாளிலோ பயணத்தின் நடுவிலோ 24ஆவது வாரத்தை எட்டும் கர்ப்பிணிகளை ஏற்றமாட்டார்கள். அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் பெரிய நிறுவனங்கள் பலவற்றில், 21 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையில்லாமல் தனி அறை எடுக்க முடியாது. மது அருந்தவும் அங்கே 21. ஐரோப்பாவிலிருந்து கிளம்பினால் பல கப்பல்களில் 18. பெரியவர்களுக்கு மேல் வயது வரம்பு பொதுவாக இல்லை. பயணக் காப்பீட்டின் பிரீமியம்தான் எழுபதைத் தாண்டியதும் எகிறும்.

என் வயதுக்காரர்கள் உள்ள கப்பலை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரப் படங்களில் இருப்பவர்கள் எல்லாரும் முப்பத்தைந்து வயது மாடல்கள், அதை விட்டுவிடுங்கள். முதலில் நாட்களைப் பாருங்கள், அடுத்து மாதத்தை. அப்புறம் நிறுவனத்தின் தளத்தில் தள வரைபடத்தைத் திறங்கள். நூலகமும் சீட்டாட்ட அறையும், கப்பலைச் சுற்றிவர நடைபாதையும் பெரிதாக இருந்தால் அறுபது ப்ளஸ். மேல்தளம் முழுக்கச் சறுக்குக் குழாய்களும் தலையில் கவிழும் தண்ணீர் வாளிகளும் என்றால் குடும்பங்கள். பதின்வயதினருக்குத் தனிக் கூடம் இருக்கிறதா, அது இரவு எத்தனை மணி வரை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; பதினாலு வயதுப் பெண்ணோ பையனோ உடன் வந்தால் முதலில் கேட்கப்போகும் கேள்வி அதுதான்.

இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், டிராவல் ஏஜென்டிடம் அந்தக் குறிப்பிட்ட தேதியில் மூன்று நான்கு பேர் தங்கும் அறைகள் எவ்வளவு விற்றிருக்கின்றன என்று கேளுங்கள். அவை தீர்ந்துபோய், இருவர் அறைகள் மட்டும் மிச்சமிருந்தால், கப்பல் பிள்ளைகளால் நிரம்பப்போகிறது.